கூலன்ட் ஃபுல்லா இருந்தும் கார் கொதிக்குதா? உள்ளே காற்று சிக்கியிருக்கலாம்... எடுப்பது எப்படி?

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கிளம்பி மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில், அர்ஜுனன் தபசு எல்லாம் பார்த்துவிட்டு, கடல் மீன் சாப்பாட்டையும் முடித்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குத் திரும்புகிறீர்கள். செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி ரோட்டைப் பிடித்தாயிற்று. கொளவாய் ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான்... பரனூர் டோல்கேட்டை நோக்கி வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன.

அப்போதுதான் ஏ.சி-யில் இருந்து வரும் காற்று மெதுவாகச் சூடாகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ‘குளுகுளு’ என்று யாரோ பாட்டிலில் தண்ணீர் ஊற்றுவதுபோல ஒரு சத்தம். டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, வண்டி நாலு அடி நகர்ந்ததும் இறங்குகிறது, மறுபடியும் ஏறுகிறது. ‘போன வாரம்தானே கூலன்ட் மாத்தினோம்? டப்பா ஃபுல்லாத்தானே இருந்துச்சு?’ என்று குழம்புகிறீர்கள்.

டப்பாவில் கூலன்ட் இருக்கிறது, சரி. இன்ஜினுக்குள் கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் காற்று உட்கார்ந்திருந்தால்? அதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்கிறார்கள். பத்து ரூபாய்கூடச் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய பிரச்னை இது. கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இன்ஜினையே இறக்கிவைக்க வேண்டிய செலவில் கொண்டுபோய்விடும்.

வீட்டு மோட்டாரை நினைச்சுக்கோங்க!

ஏர் லாக் நமக்குப் புதுசு இல்லை. வீட்டில் மோட்டார் ஓடும், ஆனால் தண்ணீர் ஏறாது. ‘ஏர் அடைச்சிருக்கு’ என்று சொல்லி, அப்பா மோட்டார் தலையில் இருக்கும் திருகைக் கழற்றி, சொம்பால் தண்ணீர் ஊற்றுவார். உள்ளேயிருந்து ‘பொளக் பொளக்’ என்று குமிழி வரும். குமிழி நின்று, தண்ணீர் விளிம்புவரை தளும்பி நின்றதும் திருகை மூடி சுவிட்சைப் போட்டால், தொட்டியில் தண்ணீர் கொட்டும். செங்கல்பட்டு சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்களில் தினமும் நடக்கிற வேலை இது.

காரிலும் இதே கதைதான். இன்ஜினில் ஒரு வாட்டர் பம்ப் இருக்கிறது. அது கூலன்ட்டை இன்ஜின் பிளாக், சிலிண்டர் ஹெட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் என்று சுற்றிவர வைக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் வழியாகவும் ஒரு கிளை ஓடுகிறது. பம்ப்பால் திரவத்தைத்தான் தள்ள முடியும். காற்று வந்துவிட்டால் அதன் இறக்கைகள் சும்மா சுழலும்.

காற்று லேசானது என்பதால், எங்கே மேடு இருக்கிறதோ அங்கே போய் ஒளிந்துகொள்ளும். சிலிண்டர் ஹெட்டின் மேல்பகுதி, தெர்மோஸ்டாட் ஹவுஸிங், ஹீட்டர் கோர், வளைந்து மேலேறும் ஹோஸ் ஆகியவைதான் அதற்குப் பிடித்த இடங்கள்.

கொஞ்சூண்டு காற்று... அவ்வளவு ஆபத்தா?

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வெப்பமாகக் கூலன்ட்டுக்குத்தான் போகிறது. அதை ரேடியேட்டருக்குக் கடத்தியே ஆக வேண்டும். தண்ணீரோடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் 20 மடங்குக்கும் மேல் குறைவு. ஆக, சிலிண்டர் ஹெட்டில் காற்று உட்கார்ந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகும். பக்கத்தில் இருக்கும் கூலன்ட் ஆவியாகி, குமிழி இன்னும் பெரிதாகும்.

இன்றைய கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதிகமாகச் சூடானால் வளையும். வளைந்தால் ஹெட் கேஸ்கெட் போகும். கேஸ்கெட்டின் விலை பெரிதாக இருக்காது. ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்து, மறுபடி ஏற்றுகிற வேலைக்குத்தான் பர்ஸ் காலியாகும்.

இன்னொரு சிக்கல், முள்ளே பொய் சொல்லும். டெம்பரேச்சர் சென்ஸார் கூலன்ட்டில் நனைந்திருந்தால்தான் சரியாக அளக்கும். சென்ஸார் இருக்கும் இடத்தில் காற்று நின்றால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் ‘எல்லாம் நார்மல்’ என்று காட்டலாம். முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடுவது பல நேரங்களில் இதனால்தான்.

கல்பாக்கத்திலும் இதே கவலை!

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் இருக்கிறது. 1983-ல் இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம், கடலுக்கடியில் சுமார் அரை கிலோமீட்டர் நீளும் சுரங்கம் வழியாகக் கடல்நீரை எடுத்துத்தான் தன் கண்டன்ஸர்களைக் குளிர்விக்கிறது. அதே வளாகத்தில் 1985-ல் இயங்கத் தொடங்கிய ஈனுலையில் கூலன்ட்டே தண்ணீர் இல்லை, உருக்கிய சோடியம். சோடியத்துக்கு மேலே ஆர்கான் வாயு நிரப்பியிருப்பார்கள். அந்த வாயு குமிழியாகச் சோடியத்தில் கலந்து சுற்றிவிடக் கூடாது என்பது இத்தகைய உலைகளின் வடிவமைப்பில் முக்கியமான விஷயம். அணு உலையோ, ஆல்ட்டோவோ, கூலன்ட்டில் வாயு கலந்தால் தலைவலிதான்.

காற்று எப்படி உள்ளே போகுது?

* கூலன்ட் மாற்றும்போது வேகமாக ஊற்றுவது. ‘நிரம்பிடுச்சு’ என்று மூடிவிடுவோம். உண்மையில் மேலே நிரம்பி, உள்ளே காற்று மாட்டியிருக்கும்.

* வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், ஹோஸ் என எதைக் கழற்றி மாட்டினாலும் காற்று போகும்.

* கசிவு. சூடாக இருக்கும்போது ஓட்டை வழியே கூலன்ட் வெளியேறும். ஆறும்போது அதே ஓட்டை வழியே காற்று உள்ளே இழுக்கப்படும்.

* ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்துபோவது. வண்டி ஆறும்போது பக்கத்து டப்பாவிலிருந்து கூலன்ட்டை உறிஞ்ச வேண்டிய ரேடியேட்டர், காற்றை உறிஞ்சிக்கொள்ளும். டப்பா ஃபுல்லாகவே இருக்கும், ரேடியேட்டர் மட்டும் குறைந்துகொண்டே வரும்!

* ஹெட் கேஸ்கெட் கோளாறு. இதுதான் மோசமானது. எரியறையின் வாயுவே கூலன்ட்டுக்குள் வரும். இதைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

இந்த அறிகுறி இருக்கா பாருங்க

ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னால் குளுகுளு சத்தம், முள் ஆடுவது, டிராஃபிக்கில் நிற்கும்போது ஏ.சி கூலிங் குறைவது (இன்ஜின் அதிகம் சூடானால் பல கார்களில் இ.சி.யூ தானாகவே ஏ.சி கம்ப்ரஸரை நிறுத்திவிடும்), இன்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரைப் போட்டால் சில்லென்று காற்று வருவது, கூலன்ட் மாற்றிய மறுநாளே லெவல் இறங்குவது. கடைசி அறிகுறி ஒன்றும் பயப்பட வேண்டியதில்லை. காற்று தானாக வெளியேறி, அந்த இடத்துக்குக் கூலன்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். டாப்-அப் செய்தால் போதும். ஆனால், தினமும் இறங்கினால் அது கசிவு.

ஹீட்டர் அறிகுறிதான் நம் ஊரில் யாருக்கும் தெரியாமல் போகிறது. செங்கல்பட்டு வெயிலில் ஹீட்டரை யார் போடுவார்? சிலர் கார் வாங்கிய நாளிலிருந்து அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியிருக்கவே மாட்டார்கள். ஏர் லாக் சோதனைக்கு அதுதான் இலவச மீட்டர்.

முதல்ல உங்க கார் எந்த வகைன்னு தெரிஞ்சுக்கோங்க

பானெட்டைத் திறந்து பாருங்கள். இரண்டு வகை உண்டு.

முதல் வகை: ரேடியேட்டர் மேலேயே உலோக மூடி இருக்கும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். இந்த டப்பாவுக்குப் பிரஷர் கிடையாது. கூலன்ட் விரியும்போது வாங்கி வைத்து, சுருங்கும்போது திருப்பிக் கொடுக்கும் பாத்திரம் மட்டும்தான். டப்பாவில் மட்டும் ஊற்றினால் இன்ஜினுக்குள் இருக்கும் காற்று போகாது.

இரண்டாம் வகை: ரேடியேட்டரில் மூடியே இருக்காது. எல்லாவற்றையும்விட உயரமான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டேங்கும், அதில் திருகு மூடியும் இருக்கும். இந்த டேங்க்கும் பிரஷரில்தான் இருக்கும். மேலே ஒரு மெல்லிய ஹோஸ் வந்து சேரும். கூலன்ட்டில் வரும் குமிழிகள் அதன் வழியே வந்து டேங்க்கில் பிரிந்துவிடும். மறைமலை நகர் தொழிற்சாலையில் உருவான ஃபோர்டு ஃபிகோ, ஈகோஸ்போர்ட் போன்றவை இந்த வகை. 2022-லேயே அங்கு உற்பத்தி நின்றுவிட்டாலும் அந்த கார்கள் இன்னும் நம் ரோடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த வகையில் காற்று பெரும்பாலும் தானாகவே வெளியேறும், நேரம் கொடுக்க வேண்டும்.

இரண்டு வகையிலும் சில கார்களில் தெர்மோஸ்டாட் ஹவுஸிங்கிலோ, ஹோஸிலோ ‘பிளீடிங் ஸ்க்ரூ’ என்ற சின்னத் திருகு இருக்கும். மோட்டார் தலையில் இருந்ததே, அதே வேலை. ஓனர்ஸ் மேனுவலில் இடம் போட்டிருக்கும். பிளாஸ்டிக் திருகு என்றால் மெதுவாகத் திருப்புங்கள், பழசானால் உடைந்துவிடும்.

ஸ்டெப் பை ஸ்டெப்: காற்றை எடுக்கும் முறை

1. இன்ஜின் முழுசா ஆறட்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்வது பெஸ்ட். சூடான இன்ஜினின் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி தரும் பிரஷரால் உள்ளே 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் பிரஷர் போய், மொத்தமும் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

2. காரின் மூக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். லேசான ஏற்றத்தில் முன்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். நிரப்பும் வாய் உயரமாக இருந்தால் காற்று அந்தப் பக்கம் வரும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில் (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில்) வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியில் தூக்கி இந்த வேலை வேண்டாம். இன்ஜின் ஓட வேண்டியிருப்பதால் காற்றோட்டமான திறந்த இடமாக இருக்கட்டும்.

3. ஹீட்டரை ‘ஃபுல் ஹாட்’டில் வையுங்கள். ஏ.சி ஆஃப், ப்ளோயர் குறைந்த வேகம். ஹீட்டர் வால்வு உள்ள கார்களில் இப்படிச் செய்தால்தான் ஹீட்டர் கோருக்குக் கூலன்ட் போகும்.

4. மெதுவாக ஊற்றுங்கள். பிளீடிங் ஸ்க்ரூ இருந்தால் திறந்துவிட்டு ஊற்றுங்கள். முதலில் ‘புஸ்’ என்று காற்றும் குமிழியும் வரும். பிறகு குமிழி இல்லாமல் ஒரே சீராகக் கூலன்ட் ஒழுகும். அப்போது மூடுங்கள். மேல் ரேடியேட்டர் ஹோஸைக் கையால் நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். குமிழி வரும், லெவல் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள்.

5. ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். முதல் வகைக் காரில் மூடியைத் திறந்தபடியே (முடிந்தால் இதற்கென்றே விற்கும் சிந்தாத புனலைப் பொருத்தி) ஓடவிடலாம். இரண்டாம் வகையில் மூடி திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பது காருக்குக் கார் மாறும், மேனுவல் சொல்வதைக் கேளுங்கள். சூடாகச் சூடாகக் குமிழிகள் வரும். பல கார்களில் 80 டிகிரியைத் தாண்டியதும் தெர்மோஸ்டாட் திறக்கும். அப்போது லெவல் சட்டென்று இறங்கும். பதற வேண்டாம், அதுவரை போகாத இடத்துக்குக் கூலன்ட் போகிறது. டாப்-அப் செய்யுங்கள். கூலன்ட் பொங்கி மேலே வந்தால் உடனே இன்ஜினை நிறுத்தி விலகி நில்லுங்கள்.

6. ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்து 2,000 ஆர்.பி.எம் அளவில் சில நொடிகள் வைத்து விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்யலாம். பம்ப் வேகமாகத் தள்ளும்போது மூலையில் ஒளிந்திருக்கும் குமிழியும் கிளம்பும்.

7. ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். ஃபேன் எந்த நொடியிலும் சுற்றலாம். துப்பட்டா, ஐடி கார்டு கயிறு, விரல் எதுவும் அருகில் போகக் கூடாது. இப்போது குமிழி நின்றிருக்க வேண்டும். மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சூடாக இருக்க வேண்டும். ஹீட்டரில் இருந்து நல்ல அனல் வர வேண்டும். இந்த மூன்றும் ஓகே என்றால் வேலை முடிந்தது.

8. முதல் வகைக் காரில் திறந்தே வைத்து ஓட்டியிருந்தால், இன்ஜினை நிறுத்தி, லெவல் அடங்கியதும் மூடியைப் போடுங்கள். டப்பாவில் ‘மின்’, ‘மேக்ஸ்’ கோடுகளுக்கு நடுவில் வையுங்கள். 10 கிலோமீட்டர் போல ஓட்டிவிட்டு வந்து, மறுநாள் காலை ஆறிய நிலையில் லெவல் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் ஊற்றுங்கள்.

ஒரு சின்ன டிப்ஸ்: பழைய கூலன்ட்டை வடிக்கும்போது அளந்து வையுங்கள். 4 லிட்டர் வெளியே வந்து, 3 லிட்டர்தான் உள்ளே போனது என்றால் மீதி 1 லிட்டர் இடத்தில் இருப்பது காற்று. இதைவிடத் துல்லியமான துப்பு கிடையாது.

பெரிய வொர்க்‌ஷாப்களில் இதற்கு வேக்யூம் ஃபில்லர் வைத்திருப்பார்கள். கம்ப்ரஸரின் உதவியால் உள்ளே இருக்கும் காற்றை முதலில் உறிஞ்சிவிட்டு, அந்த வெற்றிடத்தில் கூலன்ட்டை இழுக்கவிடுவார்கள். வெற்றிடம் நிற்கவில்லை என்றால் கசிவு இருப்பதும் தெரிந்துவிடும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களிலும், எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் உள்ள கார்களிலும் பம்ப்பை ஸ்கேன் டூல் மூலம் ஓடவைத்துக் காற்று எடுக்க வேண்டியிருக்கும். அங்கே நம்ம கை வைத்தியம் வேண்டாம்.

ஈ.சி.ஆர் போர் தண்ணி வேண்டவே வேண்டாம்!

‘அவசரத்துக்குப் பாட்டில் தண்ணி ஊத்தினா என்ன?’ நடுரோட்டில் வேறு வழியில்லை என்றால் குடிநீர் ஊற்றி வீடு வரலாம். ஆனால், அதையே வழக்கமாக்கக் கூடாது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிற கடற்கரை இது. கடலோரத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அந்த உப்பு அலுமினியத்தை அரிக்கும். கடினத்தன்மையோ ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளையாகப் படியும். டீ போடும் பாத்திரத்தின் அடியில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

டிஸ்டில்டு வாட்டரோ, டீமினரலைஸ்டு வாட்டரோ வாங்கி, கூலன்ட் கான்சன்ட்ரேட்டோடு சரிபாதி கலப்பது பொதுவான அளவு. ‘ப்ரீமிக்ஸ்’ என்று போட்டிருந்தால் தண்ணீரே சேர்க்கக் கூடாது. ‘இங்கே பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: மூடி திறந்திருக்கும்போது வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், பாதிக்குப் பாதி கலவை கொதிக்க சுமார் 107 டிகிரி ஆகும். மூடியின் பிரஷரும் சேர்ந்தால் இன்னும் மேலே போகும். துருவும் பிடிக்காது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. மேனுவலில் சொன்ன வகைதான் சரி.

எத்திலீன் கிளைக்கால் விஷம். ஆனால் இனிக்கும் என்பதால் நாய், பூனை நக்கிவிடும். வடித்த கூலன்ட்டைத் தெருவிலோ, சாக்கடையிலோ ஊற்றாமல், கேனில் பிடித்து வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள். வாசலில் சிந்தியிருந்தால் துடைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

‘தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டுடலாமா சார்?’

ரோட்டோர ஷெட்களில் இந்த யோசனை சகஜம். ‘நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்’ என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் தன் சரியான வெப்பத்துக்கு வரவே நேரமாகும். ‘இன்னும் குளிரா இருக்கு’ என்று நினைத்து இ.சி.யூ கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் போகும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றினால் கூலன்ட் ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, இன்னும் அதிகமாகக் கொதிக்கும். கெட்டுப்போயிருந்தால் புதுசு மாற்றுவதுதான் வழி.

எடுக்க எடுக்கக் காற்று வந்துக்கிட்டே இருக்கா?

ஃபேன் மூன்று நான்கு முறை ஓடியும் குமிழி நிற்கவில்லை என்றால் அது வெளியிலிருந்து வந்த காற்று இல்லை. எரியறையிலிருந்து கேஸ்கெட் வழியாக வரும் வாயுவாக இருக்கலாம். கூடவே சைலன்ஸரில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற படிவு, ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஹோஸ் கல் மாதிரி இறுகுவது இவையெல்லாம் இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. மெக்கானிக்கிடம் ‘பிளாக் டெஸ்ட்’ செய்யச் சொல்லுங்கள். கூலன்ட்டுக்கு மேலே நிற்கும் காற்றை ஒரு நீல நிற ரசாயனத்தின் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயு இருந்தால் அது மஞ்சளாக மாறும். அப்படி மாறினால் காற்று எடுப்பதில் பிரயோஜனமே இல்லை. வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள்.

நடுரோட்டில் கொதிச்சா?

பரனூர் வரிசைக்கே திரும்புவோம். முள் ஏறத் தொடங்கியதும் ஏ.சி-யை ஆஃப் செய்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை ஃபுல்லாகப் போடுங்கள். மே வெயிலில் ஹீட்டரா என்று வீட்டில் இருப்பவர்கள் திட்டுவார்கள். பரவாயில்லை, ஹீட்டர் கோரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜினின் சூட்டைக் கொஞ்சம் உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆனால், ஹீட்டரிலேயே ஏர் லாக் இருந்தால் சில்லென்ற காற்றுதான் வரும், பலன் இருக்காது.

முள் சிவப்பைத் தொட்டாலோ, ஆவி வந்தாலோ ‘டோல் தாண்டி நிறுத்திக்கலாம்’ என்ற பேச்சே வேண்டாம். இடது ஓரம் ஒதுங்கி, ஹஸார்டு லைட் போட்டு, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் ரோட்டுப் பக்கம் இல்லாத கதவு வழியாக இறக்கி, தள்ளி நிற்கவையுங்கள். சூடான இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். மூடியையும் தொடாதீர்கள். ஒரு மணி நேரமாவது ஆறட்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழைக்கலாம்.

டோல்கேட் வரிசையில் போன அந்த ஒரு மணி நேரம் அன்றைக்குப் பெரிதாகத் தெரியும். சிலிண்டர் ஹெட் இல்லாமல் வொர்க்‌ஷாப்பில் நிற்கும் வண்டியைப் பார்த்தவர்களைக் கேட்டுப்பாருங்கள், அது ஒன்றுமே இல்லை என்பார்கள்.

அடுத்த முறை கூலன்ட் மாற்றி வண்டியை வாங்கும்போது, பில்லைக் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். அனல் வந்தால் கிளம்புங்கள். சில்லென்று வந்தால், ‘அண்ணா, இன்னும் ஏர் எடுக்கணும் போல’ என்று சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்தபடி அங்கேயே உட்காருங்கள்!